ஆல் சீசன் என்று பெயர், பனிக்காலம் மட்டும் அதில் இல்லை

மூன்று வாரம் முன்பு காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றினேன். பழையவை மொட்டையாகும் கட்டத்துக்கு வந்துவிட்டன, பனிக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் கடையில் முதல் கேள்வியே அதுதான்: "பனியில் ஓட்ட வேண்டும், இது தாங்குமா?" விற்பவர் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எம் பிளஸ் எஸ் எழுத்துகளைத் தடவிக் காட்டினார். "சேறு, பனி இரண்டுக்கும்தான் சார் இது. ஆல் சீசன். வருஷம் முழுக்கக் கவலையே வேண்டாம்." நம்பி வாங்கினேன்.

போன வாரம் முதல் பனி விழுந்தது. லேசான இறக்கம், கீழே சிக்னல். வேகம் 30 கிலோமீட்டர்கூட இருக்காது. பிரேக்கை மிதிக்கிறேன், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அடிக்கிறது, கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைத்த ஒரு பெரியவர் பதறிப் பின்வாங்கினார். சிக்னல் கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம் போன பிறகுதான் வண்டி நின்றது. அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. புத்தம் புது டயர். டயர் மேல் கட்டி கட்டியாகத் துருத்தி நிற்கும் பட்டன் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படிக்கப் படிக்க ஆத்திரம்தான் ஏறியது. அந்த எம் பிளஸ் எஸ் என்பது பட்டன்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் குறி. டயர் தரையைத் தொடும் பரப்பில் கால் பங்காவது பள்ளமாக இருந்தால் போதும், அந்த எழுத்தைப் பொறித்துவிடலாம். பனியில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பனி என்ற பெயரையே பொறித்து வைத்திருக்கும் பொருளைப் பனியில் சோதிக்கவே வேண்டாமாம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

உண்மையில் பார்க்க வேண்டிய குறி வேறு. மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999 முதலே இருக்கிறது. ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் டயரை விடப் பனியில் குறிப்பிட்ட அளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்று சோதித்துக் காட்டினால்தான் அதைப் பொறிக்க முடியும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் எம் பிளஸ் எஸ் போட்ட டயரைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 2014 டிசம்பரிலேயே மலைச்சின்னத்தைத்தான் கேட்க ஆரம்பித்துவிட்டது. அரசாங்கங்களே நம்பாத இரண்டு எழுத்தைக் காட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் இந்தப் பெயர்க் குழப்பம். ஆல் சீசன் என்று ஒன்று, ஆல் வெதர் என்று ஒன்று. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடைக்கு வரும் ஒரு சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? ஆல் வெதர் என்று விற்பதில் பொதுவாக மலைச்சின்னம் இருக்கும். ஆல் சீசனில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அதிலும் ஐரோப்பாவில் ஆல் சீசன் என்றால் பெரும்பாலும் சின்னத்தோடு வருகிறது, வட அமெரிக்காவில் அதே பெயரில் பல டயர்கள் சின்னமே இல்லாமல் வருகின்றன. ஆண்டு முழுக்க ஓட்டக்கூடிய டயரைச் சின்னத்தோடு செய்யவே முடியாது என்றால் சரி, விட்டுவிடலாம். ஆனால் மிஷலின் நிறுவனம் 2015இலேயே கிராஸ்கிளைமேட் என்ற டயரை அப்படித்தான் கொண்டுவந்தது. முடிகிற காரியம்தான்.

ரப்பர் விஷயத்தையும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். விறைத்த ரப்பர் சாலையோடு சரியாக ஒட்டாது. குளிர்கால ரப்பரின் கலவையே வேறு, குளிரிலும் இளகி இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த வெட்டுகளும் பள்ளங்களும் பனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ள, பனிமேல் பனி ஒட்டி வண்டி நிற்கிறது. எவ்வளவு அழகான வேலை! என் டயரில் பட்டன்கள் மொழுமொழுவென்று கட்டியாக இருக்கின்றன.

மலைச்சின்னமும் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சோதனை அமுங்கிய பனியில் நடப்பது. வட அமெரிக்க முறையில் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறார்கள். கண்ணாடி போல உறைந்த ஐஸ் கணக்கிலேயே இல்லை. ஐஸ் பிடிமானத்துக்கென்று தனிச் சின்னம் ஐரோப்பாவில் டயரோடு வரும் தர லேபிளில் 2021 மே மாதம்தான் வந்தது. மாதக்கணக்கில் ஐஸ் மேல் ஓட்டுபவர்கள் முழுமையான விண்டர் டயருக்கே போய்விடுங்கள்.

"உங்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, பயமே வேண்டாம்" என்று வேறு அந்தக் கடையில் சொன்னார்கள். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி சுலபமாகக் கிளம்பும். நிற்பதற்கு அது எந்த விதத்தில் உதவும்? பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. கிளம்ப முடியாமல் போனால் வீட்டிலேயே இருந்துவிடுவேன். நிற்க முடியாமல் போனால் அந்தப் பெரியவர் என்ன ஆவார்?

தேய்மானத்திலும் இதே கதைதான். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழமாகக் குறையும் வரை ஓட்டப் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது. பனியிலோ 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே பிடிமானம் நன்றாகக் குறைந்துவிடும். டயர் எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்பதைக்கூட அதன் மேலேயே பொறித்திருக்கிறார்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். எத்தனை டிகிரிக்குக் கீழே இதை நம்பக் கூடாது என்று பொறிக்க மட்டும் இடமில்லையா?

மலைச்சின்னம் உள்ள நான்கு டயருக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரும். அதுவரை வண்டியை எடுக்கப் போவதில்லை. கழற்றப்போகும் நான்கையும் தனக்குத் தரச்சொல்லி தெரிந்தவர் ஒருவர் கேட்டார். உங்கள் பக்கம் பனி விழுமா என்று கேட்டேன். விழும் என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.