எலி கடிக்காத துருத்தி

ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. நம் கோயிலின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் நடந்ததும், பிறகு சபையின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நேற்றிரவுக்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஆகவே நீளமான முன்கதை வேண்டாம். ஆராதனைக்கு வந்த விருந்தினர் பாடல்களைப் பற்றிச் சொன்ன கதைக்கு ஆதாரம் இல்லை என்று குழுவில் நான்கே வரி எழுதினேன். அதற்குக் "கிறிஸ்துமஸைக் கெடுக்க வந்தவன்" என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக ஒரு பட்டம். மகிழ்ச்சி.

பாட்டைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாலிபப் பிள்ளைகள் ஒரு மாதம் தொண்டை வறளப் பயிற்சி எடுத்தார்கள். அன்றைக்கு ஆல்ட்டோ வரிசை, அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசை, பாடியதைப் போல நம் கோயிலில் பாடிக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. என் குறையெல்லாம் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம் என்னவென்றால்" என்று தொடங்கினாரே விருந்தினர், அவர் மேல்தான். நல்ல மனிதர், இனிமையான குரல். சொன்னதில் பாதி பொய்.

'டுவெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் ஒடுக்கப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்கு ரகசியமாக ஞானோபதேசம் கற்றுக்கொடுக்க இயற்றிய பாட்டாம் அது. பேரிக்காய் மரத்தில் உட்கார்ந்திருக்கும் கௌதாரி இயேசுவாம். இரண்டு புறாவும் இரண்டு ஏற்பாடுகள். மூன்று பிரெஞ்சுக் கோழிகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நான்கு 'காலிங் பேர்ட்ஸ்', அதாவது அழைக்கும் பறவைகள், நம்மை அழைக்கிற நான்கு சுவிசேஷங்கள். சபையே "ஆ" என்றது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தப் பாட்டு முதன்முதலில் அச்சில் வந்தது 1780 வாக்கில், லண்டனில், ஒரு சிறுவர் புத்தகத்தில். நினைவாற்றல் விளையாட்டு. முந்தின ஆள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லி ஒன்றைக் கூட்ட வேண்டும், மறந்தால் தண்டம். ரகசிய ஞானோபதேசம் என்ற கதையோ 20-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. ஒடுக்கப்பட்ட காலத்திலிருந்து ஒரு கடிதமோ ஒரு குறிப்போ கிடையாது. அதுகூடப் போகட்டும். அந்த அழைக்கும் பறவைகள் இருக்கின்றனவே, பழைய பாட்டில் அவை அழைக்கவே இல்லை. 'கோலி பேர்ட்ஸ்' என்றுதான் அதில் இருக்கிறது. கோலி என்றால் கரி படிந்தது, கறுப்பு. வெறும் கறுப்புப் பறவைகள். 1909-இல் ஃபிரெடெரிக் ஆஸ்டின் என்ற பாடகர் தம் இசையமைப்பில் 'காலிங்' என்று போட்டார், அது நிலைத்துவிட்டது. 1909-இல் வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முன்னூறு வருடத்துக்கு முந்திய ரகசியத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நான்கு சுவிசேஷம் கத்தோலிக்கர்களை ஒடுக்கிய ஆங்கிலிக்கன் சபையாருக்கு இல்லையா? இரண்டு ஏற்பாடு? ஆறு நாளில் படைப்பு? ஒடுக்கியவர்களும் ஞாயிறுதோறும் அதே வேதத்தைத்தானே வாசித்தார்கள்? அவர்களுக்குத் தெரிந்த ஒன்றை அவர்களிடமிருந்தே எதற்காக மறைக்க வேண்டும்?

நான் குழுவில் எழுதியது இதன் சுருக்கம்தான். "ஆதாரம் இல்லாத கதையைக் கோயிலில் சொல்ல வேண்டாமே" என்று முடித்திருந்தேன். 'வேண்டாமே' என்ற கெஞ்சல்கூட இருந்தது, கவனியுங்கள். அரைமணி நேரத்தில் பதிவு அழிக்கப்பட்டது. கதையைப் பகிர்ந்த பதிவு மட்டும் இருபத்தேழு கைகூப்பும் படங்களோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

"கதை பொய்யாகவே இருக்கட்டும் அண்ணாச்சி, பலன் நல்லதுதானே? நான்கு பேர் வேதத்தை நினைத்துக்கொண்டார்களே?" என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டார், அதனால் அவருக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன். அந்தக் குற்றத்தை நானே பதினொரு வருடம் செய்தவன்.

ஓய்வுநாள் பாடசாலையில் ஒவ்வொரு டிசம்பரும் 'ஒப்பில்லா திரு இரா' பாட்டு, அதாவது ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்', பிறந்த கதையை நான்தான் சொல்வேன். ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஆற்றங்கரை ஊர். 1818 டிசம்பர் 24. ஆர்கனின் துருத்தியை எலி கடித்து ஓட்டையாக்கிவிட்டது. ஆராதனைக்கு இசையில்லை. யோசேப் மோர் என்ற உதவிக்குரு அழுதுகொண்டே வெளியே போகிறார், பனியில் நட்சத்திரத்தைப் பார்க்கிறார், வீட்டுக்கு ஓடிவந்து பாட்டை எழுதுகிறார். எலி கொறிக்கும் சத்தத்தை நகத்தால் பெஞ்சில் சுரண்டிக் காட்டுவேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்கும். ஒரு வருடம், முன் பல் விழுந்த ஒரு சிறுமி கை தூக்கினாள். "அந்த எலியை அனுப்பினது பரிசுத்த ஆவியா சார்?" ஆமாம் என்றேன். கூசாமல் சொன்னேன்.

பிறகு ஒருநாள் ஏதோ தேடப்போய் விஷயம் தெரிந்தது. மெட்டுப் போட்டவர் பிரான்ஸ் சாவர் குரூபர், பக்கத்து ஊரான அர்ன்ஸ்டார்ஃபில் பள்ளி ஆசிரியர். பாட்டு யாருடையது என்று பெர்லினிலிருந்து விசாரணை வந்தபோது, 1854-இல், நடந்ததைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். மோர் கவிதையைக் கொடுத்தார், இரண்டு குரலுக்கும் கித்தாருக்குமாக மெட்டுக் கேட்டார், அன்றிரவே பாடினோம் என்கிறார். எலி இல்லை. ஓட்டைத் துருத்தியும் இல்லை. கவிதையும் அன்றைக்கு எழுதியதல்ல. மோரின் கைப்பிரதி 1995-இல் கிடைத்தது, அதில் 1816 என்று இருக்கிறது. மரியாபார் என்ற மலையூரில் இருந்தபோது எழுதியிருக்கிறார்.

1816 எப்பேர்ப்பட்ட வருடம் என்று தெரியுமா? நெப்போலியன் போர்கள் முடிந்து ஊர்கள் சக்கையாகக் கிடந்த நேரம். அதற்கு முந்திய வருடம் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் பொய்த்தது. எழுதியவர் யார்? சால்ஸ்பர்க்கில் பின்னல் வேலை செய்து பிழைத்த மணமாகாத ஒரு தாய்க்குப் பிறந்தவர். அப்பா படையைவிட்டு ஓடிப்போன சிப்பாய். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஒத்துக்கொண்டவர் நகரத்தின் மரண தண்டனை நிறைவேற்றும் சேவகர். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, ஒரு தாயும் குழந்தையும் நிம்மதியாகத் தூங்குவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான்.

இதைப் பதினொரு வருடம் சொல்லாமல் எலியைச் சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி. பொய்யான கதை கையில் இருந்ததால் உண்மையைத் தேடவே தோன்றவில்லை. பலன் நல்லதுதானே என்கிறீர்கள். முன் பல் விழுந்த அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூரில் பொறியாளர். அவளிடம் போய் எலியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா?

"இறையியல் படித்தவரா நீங்கள்?" இல்லை. தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ரசீது இல்லாத செலவை ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான் என் தகுதி.

"பிற மதத்தவர்கள் வந்திருந்த கூட்டத்தில் மானத்தை வாங்கிவிட்டீர்கள்." கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. கேக்கைச் சாப்பிட்டேன். வளைந்த மிட்டாயோடு ஒரு அட்டை கொடுத்தார்கள்; வளைவு இயேசுவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான 'ஜே', சிவப்புக் கோடு இரத்தம், வெள்ளை பரிசுத்தம் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த மிட்டாய் ஆரம்பத்தில் கோடே இல்லாத வெள்ளை மிட்டாய். அதையும் சொல்லவில்லை, வாயில்தான் போட்டுக்கொண்டேன்.

அழிபட்ட என் பதிவைப் படம்பிடித்துக்கொண்டு ஆதரவு தெரிவிக்க வந்தார்களே இன்னொரு கூட்டம், அவர்களும் கேளுங்கள். "சரியாகச் சொன்னீர்கள் பிரதர், கிறிஸ்துமஸே புறஜாதிப் பண்டிகை, டிசம்பர் 25 சூரிய தேவனின் நாள், மரம் வைப்பது எரேமியா பத்தாம் அதிகாரப்படி விக்கிரகம்." ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. கையை விடுங்கள்.

டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாளாக நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய பதிவு 354-ஆம் வருடத்து ரோமாபுரி நாட்காட்டித் தொகுப்பு. வெல்லப்படாத சூரியனின் நாள் என்று அதே தேதியைக் குறிப்பதும் அதே தொகுப்புதான். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. எது எதிலிருந்து வந்தது என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள். மார்ச் 25-இல் கருவுற்றார், ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தார் என்ற கணக்கும் பழைய சபையில் இருந்தது. பழைய சபையின் ஆயரான அகுஸ்தீனே அதை எழுதியிருக்கிறார். மரத்துக்கு வாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் 1605-இல் ஒரு பயணி எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. வீட்டுக்குள் ஊசியிலை மரத்தை நிறுத்திக் காகித ரோஜாவும் ஆப்பிளும் அப்பமும் தொங்கவிட்டார்களாம். எந்தப் புறஜாதித் தேவனும் அந்தக் குறிப்பில் இல்லை. எரேமியா சொல்வது மரத்தை வெட்டிச் செதுக்கி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்துத் தெய்வமென்று கும்பிடுகிறவனை. நம் வீட்டு பிளாஸ்டிக் மரத்தை யாரும் கும்பிடுவதில்லை. ஜனவரி பிறந்ததும் பரணில்தான் ஏற்றுகிறோம்.

விருந்தினர் பறவைக்குள் சுவிசேஷத்தைக் கண்டுபிடித்தார், நீங்கள் மரத்துக்குள் பிசாசைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ரசீது இரண்டு பேரிடமும் இல்லை.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரைச் சிறுவயதிலிருந்து தெரியும், பெயர் வேண்டாம். "உன் அப்பா உயிரோடு இருந்தால் கோயிலைப் பற்றி இப்படி எழுதுவாயா?" என்று கேட்டிருந்தார்.

என் அப்பாவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

அப்பா அச்சுக் கோர்ப்பவர். முப்பத்தொரு வருடம் ஒரே அச்சகத்தில் நின்றுகொண்டு வேலை பார்த்தவர். சனிக்கிழமை இரவில் வாசலில் உட்கார்ந்து, விரல் இடுக்கில் ஏறிய மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார், முழுவதும் போகாது. ஞாயிறு காலையில் அந்தக் கையோடுதான் பாடகர் குழுவில் பேஸ் வரிசையில், ஆண்களின் அடிக்குரல் வரிசையில், நிற்பார். வீட்டில் ஒரே ஒரு பாமாலைப் புத்தகம். அதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, எழுத்துகளைத் தலைகீழாக வாசித்தே எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கோர்ப்பவர்களுக்கு எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்றுதான். "கோர்க்கிறபோதே பார்த்துவிடு, அச்சேறிவிட்டால் பிழை நம்மைவிட அதிக நாள் இருக்கும்" என்பார். நான் எழுதிய நான்கு வரிக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

'கேள், ஜென்மித்த ராயர்க்கே' பாட்டுக்கும், அதாவது ஆங்கிலத்தில் 'ஹார்க் த ஹெரால்ட்' பாட்டுக்கும், விருந்தினர் ஒரு ரகசியம் சொன்னார். சார்லஸ் வெஸ்லி ஜெபத்தில் இருந்தபோது தூதர்கள் பாடிய மெட்டைக் காதில் கேட்டு எழுதினாராம். வெஸ்லி எழுதியது 1739-இல், இறந்தது 1788-இல். மெட்டைப் போட்ட மெண்டல்சன் பிறந்ததோ 1809-இல். தூதர்கள் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த மெட்டு எதற்காகப் போடப்பட்டது என்பதை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் ஓய்வு பெற்று, அச்சகமும் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டிருந்த நேரம். 1840-இல் லைப்சிக் நகரத்தில் விழா எடுத்தார்கள். கூட்டன்பர்க் அச்சுக் கலையைக் கண்டுபிடித்த நானூறாவது ஆண்டு என்று. அந்த விழாவில் பாடத்தான் மெண்டல்சன் அதை இயற்றினார். வேதப் பாட்டுக்கு இது ஒத்துவராது என்று அவரே பிற்பாடு எழுதினார். அவர் இறந்த பிறகு, 1855-இல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை எடுத்து வெஸ்லியின் வரிகளோடு சேர்த்துவிட்டார். தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு முதல் அப்பாவின் பாமாலை வரை எல்லாம் கூட்டன்பர்க்கின் அந்த அச்சுக் கலையில் வந்தவைதானே.

அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அது கோர்க்கிறவனுக்குப் போட்ட மெட்டா?" என்று கேட்டார். ஒருவகையில் அப்படித்தான் அப்பா என்றேன். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவர் பாடியது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி பாடினார். தூதர் கதையைச் சொல்லியிருந்தால் "சரி" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்.

அவர் இருந்திருந்தால் இப்படி எழுதுவாயா என்றா கேட்கிறீர்கள்? எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் பிழை திருத்தித் தந்திருப்பார்.

24-ஆம் தேதி இரவு ஆராதனையிலும் அந்தப் பாட்டு இருக்கிறது, நிரல் வந்துவிட்டது. அப்பா நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன், பேஸில் இடமிருந்து இரண்டாவது. வர வேண்டாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் குழுவில் போடாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டையைச் சலவைக்குக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னால் நல்லது.