பத்து நிமிடத்தில் எந்த வெங்காயம் பழுப்பாகிறது?

“வெங்காயத்தைச் சேர்த்து, நன்கு பழுப்பு நிறமாகும்வரை 10 நிமிடம் வதக்கவும்.” இந்த வரியை எழுதியவர் வாழ்நாளில் ஒருமுறையாவது வெங்காயம் வதக்கியிருக்கிறாரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் திருமண நாள். வெளியே போக வேண்டாம், நானே சமைக்கிறேன் என்று மனைவியிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். வெங்காய சூப், கிரீம் சாஸில் கோழி, வெட்டினால் உள்ளிருந்து சாக்லேட் வழியும் சின்ன கேக். மூன்று குறிப்புகளிலும் போட்டிருந்த நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை மணி நேரம். எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணி நேரம் சேர்த்து, ஆறு மணிக்குச் சமையலறைக்குள் போனேன். எட்டு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றி உட்கார வேண்டும். உட்கார்ந்தபோது மணி 10:20.

முதல் மோசடி பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. “மெலிதாக நறுக்கிய வெங்காயம் 6.” நறுக்கியது யார்? தோலுரித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஒரே அளவில் அரிந்து முடிக்க எனக்கு 20 நிமிடம் ஆனது. அந்த 20 நிமிடம் அவர் கணக்கில் எங்குமே இல்லை. தயாரிப்பு நேரம் 5 நிமிடமாம்!

அடுத்தது அந்தப் பத்து நிமிடம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை வாணலியில் இருப்பது 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் அந்த ஆழ்ந்த இனிப்பும் வருவதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். தண்ணீர் போகாமல் நிறம் வராது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் பச்சை வாசனை அப்படியே நிற்கும். சிறு தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே 45 நிமிடம், சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். வாரக்கணக்கில் சமைத்த எவருக்கும் தெரிந்த உண்மை இது. குறிப்பு எழுதுகிறவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறார்கள். “ஒரு மணி நேரம்” என்று போட்டால் படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்ற பயம்.

வெங்காயம் இழுத்த இழுப்பில் மற்றவை எல்லாம் தடம் புரண்டன. கோழித் துண்டுகளை “ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம்” வறுக்கச் சொல்லியிருந்தது. எத்தனை தடிமன் உள்ள துண்டு? சொல்லவில்லை. நான்கையும் ஒன்றாகப் போடலாமா? சொல்லவில்லை. போட்டேன். வாணலி நெருக்கமானதும் தண்ணீர் விட்டு, கோழி வறுபடாமல் வெந்துகொண்டிருந்தது. மேலே வெளிறிப்போய், நடுவில் இளஞ்சிவப்பாகவே இருந்தது. கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும் என்ற ஒரு வரி, உடல்நலத்துக்கான வரி, அந்தக் குறிப்பில் இல்லை. மீண்டும் அடுப்பில் வைத்தேன், சக்கையாக உலர்ந்துவிட்டது. சாஸில் எலுமிச்சைச் சாறு ஊற்றியதும் கிரீம் திரிந்துபோனது. கொழுப்பு குறைந்த கிரீம் புளிப்போடு கொதித்தால் திரியும் என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா?

கேக்குக்கு மாவு “அரை கப்”. கப் என்றால் எது? சிலருக்கு 240 மில்லி, சிலருக்கு 250. அதைவிட மோசம், மாவை அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரும். தளர்வாகத் தூவினால் 120. கிராமில் எழுத என்ன கேடு? ஒரு நிமிடம் கூடினால் உள்ளே வழிய வேண்டிய சாக்லேட் இறுகிவிடும் பண்டம் அது. இரண்டு கேக்கில் ஒன்று வழிந்தது, ஒன்று இறுகிவிட்டது. வழிந்ததை அவளுக்கு வைத்தேன்.

சூப் மட்டும் உண்மையிலேயே அருமையாக வந்தது. குறிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, வெங்காயம் கேட்ட 50 நிமிடத்தையும் அதற்குக் கொடுத்ததால் வந்த ருசி. அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆனால் என் ஆத்திரம் கோழிக்காக அல்ல. ஒன்பது மணிக்கு அவள் சமையலறை வாசலில் வந்து நின்று “நான் ஏதாவது நறுக்கட்டுமா?” என்று கேட்டாள். பிடித்த உடையை உடுத்திக்கொண்டு, பசியோடு. திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் “வேண்டாம், இதோ ஆகிவிட்டது” என்றேன். ஒன்றரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவன், அந்த நேரம் முழுவதும் அடுப்புக்கு முகம் காட்டி நின்றேன். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கண்கள் தூக்கத்தில் சொருகிக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் இருவருக்கும் வேலை.

உண்மையான நேரத்தைப் போட்டிருந்தால் நான்கு மணிக்கே தொடங்கியிருப்பேன். இல்லையென்றால் சூப்பும் ரொட்டியும் போதும் என்று முடிவெடுத்திருப்பேன். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பையே பறித்துவிட்டார்கள். முதன்முதலாகச் சமைக்கிற ஒருவர் இதே குறிப்பைப் பின்பற்றினால், தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். தப்பு அவருடையதே அல்ல.

குறிப்பு எழுதுகிறவர்களே, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழு வெங்காயத்தில் தொடங்கி, ஒரே ஒருமுறை நீங்கள் எழுதியதை நீங்களே சமைத்துப் பாருங்கள். பிறகு நேரத்தைப் போடுங்கள்.