சுவத்துல மாட்டினா போதுமா?

பல கம்பெனிகள்ல ஊழியர்களுக்கு, யாருக்கு எது இயல்பா நல்லா வரும்னு காட்டுற கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் தேர்வு வெச்சு, 34 பலங்கள்ல அவங்கவங்க முதல் 5 என்னன்னு எடுத்து, லேமினேட் பண்ணித் தண்ணி கேனுக்கு மேல மாட்டிடுறாங்க. அதோட சரி.

மதுரை மாசி வீதி ஜவுளிக்கடைகள்லயும் இதே கொடுமைதான். கோபமா வர்ற வாடிக்கையாளரை ரெண்டே வார்த்தையில அமர்த்துறவர் குடோன்ல சரக்கு எண்ணுறார். எண்ணிக்கை தப்பாதவர் கவுண்டர்ல. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ரெண்டு பேரும் திணறுறாங்க, பாவம். ஏன்? ட்யூட்டி சார்ட் போடுற சூப்பர்வைசர் கையில யாருக்கு எது நல்லா வரும்ங்கிற தகவலே இல்லை!

சார்ட்லயே பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போடுங்க. ரெண்டு பலம் போதும். அஞ்சு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. ‘நல்லா உழைப்பார்’னு எழுதாதீங்க, அது எல்லாருக்கும் பொருந்தும். ‘சுங்குடிச் சேலை கையால முடிச்சுக் கட்டிச் சாயம் போட்டதா, அச்சடிச்சதான்னு தொட்டே சொல்வார்’னு எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்க அவரையே கேட்டு மாத்துங்க.