உள்ளிக்குப் பத்து நிமிஷம், முட்டைக்கு ஒரு நிமிஷம்

நேற்று ராத்திரி மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, முட்டைப் பொடிமாஸ் பண்ணினேன். தட்டுல போட்டதும் தண்ணி விட்டுட்டுப்பா. முட்டையும் ரப்பர் மாதிரி இருக்கு."

"எவ்வளவு நேரம் அடுப்புல வச்சே?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"முட்டையவா?"

"ஆமா. உள்ளி, முட்டை எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கி ஊத்திட்டேன்."

உள்ளி என்றால் எங்கள் பக்கம் வெங்காயம். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. இவன் மட்டும் இல்லை, ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். முட்டை தீய்ந்து செங்கல் பொடியாகும் வரை கிண்டிவிட்டு, நாமக்கல் முட்டையில் ருசி இல்லை என்று முட்டையின் மேல் பழியைப் போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவசரக்காரர்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். சமாசாரம் அதிலேயே இருக்கிறது.

பொடிமாஸ் என்பது முட்டைச் சமையலே இல்லை, உள்ளிச் சமையல் என்பது என் கட்சி. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். முட்டையே நுழையாத வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் முட்டைச் சமையலுக்கு நியமனம் ஆனவன் நான்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சைவ வீடு. 1983 வாக்கில் தம்பிக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து, டாக்டர் "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார், அதாவது பிள்ளைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்வார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் ஒரு முட்டை கொடுங்க" என்றும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஆனது. அடுக்களைக்குள் கவிச்சி வரக்கூடாது. மாட்டுத் தொழுவுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட சாய்ப்பு ஒன்று இருந்தது. அங்கே ஒரு திரி ஸ்டவ், ஒரு இரும்புச் சீனச்சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு. அம்மா தொட மாட்டாள், அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. மிச்சம் நான்தான்.

அவித்த முட்டையைத் தம்பி துப்பிவிட்டான். சரி, பொரித்துக் கொடுப்போம் என்று எண்ணெயைக் காயவைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, அதன் மேல் உள்ளியைப் போட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டினேன். உள்ளி பச்சையாகவே இருந்தது. அது வதங்கட்டும் என்று நான் காத்திருக்க, முட்டை கருகியது. தெரு முழுக்க வாடை. அம்மா புறவாசல் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளேயிருந்து கத்தினாள்: "என்னத்தலே போட்டுப் பொசுக்குத? குடலைப் புரட்டுது!"

நாலைந்து நாள் இதே கூத்து. பிறகு ஒரு நாள் பின்தெரு அத்தை ஒருத்தி மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏல, அந்த முட்டைய ஏன் இந்தப் பாடு படுத்துத? உள்ளிய முதல்ல நல்லா வதக்கு. அது வதங்குத வரைக்கும் முட்டைய உடைக்கவே உடைக்காத" என்றாள். முட்டையை ஊற்றியதும், "இப்ப எண்ணு. அறுபது எண்ணுததுக்குள்ள இறக்கிரணும்" என்றாள். எனக்கு வாய்த்த சமையல் வகுப்பு அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அதைத் தாண்டி ஒன்றும் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

நாலு முட்டைக்கு என் கணக்கு இது. சின்ன உள்ளி கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. பெரிய உள்ளியிலும் செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர் அதிகம், வதக்க இன்னும் நேரமாகும். பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, நல்லெண்ணெய் தாராளமாக இரண்டு கரண்டி. கடுகு வெடித்ததும் உள்ளியைப் போட்டு, உள்ளிக்குத்தான் முதலில் உப்புப் போட வேண்டும். உப்பு உள்ளியின் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அந்தத் தண்ணீர் சட்டியிலேயே சுண்டட்டும். முதலில் சளசளவென்று சத்தம் வரும், அப்புறம் அது குறைந்து மெல்லிய பொரிச் சத்தமாக மாறும். உள்ளி ஓரங்களில் பொன்னிறமாகிக் கொஞ்சம் இனிப்பு வாசம் அடிக்கும். அதுவரை பத்து நிமிஷம் ஆனாலும் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அவித்த முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் தீயைக் குறைத்துவிட்டு முட்டையை ஊற்றி, பத்துப் பதினைந்து விநாடி தொடக் கூடாது. அடியில் கொஞ்சம் பிடித்ததும் கரண்டியால் அடியிலிருந்து வழித்துத் திருப்ப வேண்டும். கொத்தக் கூடாது. மறுபடி சற்று விட்டு, மறுபடி வழித்து. முக்கால்வாசி இறுகி, மேலே இன்னும் ஈரப் பளபளப்பு இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். இரும்புச் சட்டி தன் சூட்டிலேயே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கடைசியாக நல்லமிளகை நுணுக்கித் தூவினால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்றால் அந்தப் பளபளப்பும் போகும் வரை சட்டியிலேயே விட்டுப் புரட்டிக் கொடுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். நாலு முட்டையை உடைத்து ஊற்றினால் சின்ன டம்ளர் தண்ணீரைச் சட்டியில் விட்டமாதிரி. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது முட்டையின் புரதம்தான். வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65 டிகிரியைத் தாண்டி. இரண்டையும் கலந்து அடித்தால் 73 டிகிரி வாக்கில் பதமாக இறுகும். அதற்கு மேல் சூடு ஏற ஏற, புரதம் இன்னும் இறுகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஈரத்துணியைப் பிழிவது போலப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தட்டில் தண்ணீர், வாயில் ரப்பர். மகனுக்கு நடந்தது அதுதான். போதாக்குறைக்கு வதங்காத உள்ளியின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

அம்மா திட்டிய வாடைக்கும் காரணம் அதே சூடுதான். வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. சூடும் நேரமும் கூடக் கூட அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியே வரும். அது மஞ்சள் கருவில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் பச்சை நிறம். அதிகம் வெந்த முட்டையின் மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியுமே, அதே சங்கதி. ஒரு பெரிய ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். மூடி போட்ட பெரிய பாத்திரத்தில், அடியில் சுடுதண்ணீரோடு, 'ஸ்கிராம்பிள்டு எக்' என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எத்தனை மணிக்குச் செய்ததோ, லேசாகப் பாசி நிறம். நான் இட்லிப் பக்கம் போய்விட்டேன்.

அப்படியென்றால் பரோட்டாக் கடையில் கல் அனலாகக் காய்ந்து கிடக்கிறதே, அங்கே பொடிமாஸ் எப்படி நன்றாக வருகிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு இதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் உள்ளி, மிளகாய், முட்டை போட்டு 'டகடகடக' என்று அடித்துக் கல்லில் ஊற்றுவார். அகலமான கல், மெல்லிசாகப் பரவும். இரண்டு இழுப்பு, இரண்டு புரட்டல், இலையில் வந்து விழும். அரை நிமிஷம்கூட ஆகாது. உள்ளியை வெட்டி வைத்திருக்கும் மெல்லிசு அப்படி. அது பச்சையாக நறுக்கென்று கடிபடுவதே சால்னாவுக்கு நடுவில் ஒரு சுகம். வேகம் இருந்தால் தீ கூடுதலாக இருக்கலாம், பொறுமை இருந்தால் குறைவாக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, வெண்ணெய் போட்டு, கை ஓயாமல் கிளறிக் கூழ் பதத்தில் எடுப்பது இரண்டாவது வகை. நாம் வீட்டில் செய்கிற பாவம், பெரிய தீயையும் வைத்துவிட்டுப் போனையும் பார்த்துக்கொண்டிருப்பது.

என் வீட்டம்மா கோயம்புத்தூர்க்காரி. கலக்கி வளர்த்த பிள்ளை. முட்டையைக் கல்லில் ஊற்றி, உள்ளே வழவழவென்று இருக்கும்போதே மடித்து எடுத்துவிட வேண்டும் அவளுக்கு. கல்யாணமான புதிதில் என் பொடிமாஸைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது முட்டைங்களா, உப்புமாங்களா?" என்றாள். இருபத்தாறு வருஷமாக அந்த வழக்கு நடக்கிறது. கலக்கி எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் அது பரோட்டாவுக்குச் சரி. ரசஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அது ஆகாது, சோற்றில் கரைந்து காணாமல் போய்விடும். அம்பை பதினாறு அரிசிச் சோற்றில் மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய்க்கு ஒரு துணுக்கு என்று கடிக்கப் பொடிமாஸ்தான் வேண்டும். இதில் நான் மேல்முறையீட்டுக்குக்கூடத் தயார்.

பாலைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஏற்கெனவே முக்கால் பங்கு தண்ணீர், அதில் இன்னும் எதற்கு? தக்காளியும் அப்படியே. தக்காளி போட்டால் அதைத் தொக்கு என்று சொல்லுங்கள், சண்டை இல்லை. தேங்காய்த் துருவல் கொஞ்சம் போடலாம். மசாலாப் பொடி போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. முட்டையை அடிக்கும்போதே அதற்கென்று ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சற்று வைத்திருந்தால் முட்டை நீர்த்துப் போகும் என்பார்கள். பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் வெந்த பிறகு மெத்தென்று இருக்கும். செய்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தம்பிக்கு அந்த வருஷக் கடைசியில் உடம்பு தேறிவிட்டது. முட்டையை அவன் விடவில்லை. இப்போதும் எங்கள் வீட்டில் அடுக்களைக்குள் முட்டை வராது. பின்வாசல் திண்ணையில் ஒரு தனி அடுப்பு, அதே சீனச்சட்டி. அம்மாவுக்கு எண்பத்திரண்டு. முட்டையை வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் பல வருஷமாகக் கதவைச் சாத்துவதில்லை. வாடை வந்தால்தானே சாத்துவதற்கு?

நேற்று மகனிடம் பேசி முடித்த ஆவேசத்தில் நானே போய் ஒரு பொடிமாஸ் போட்டேன். முட்டையை ஊற்றிவிட்டு, போனை எடுத்து இந்தப் பதிவின் முதல் வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கதவோரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"எல, சத்தம் அடங்கிட்டுல்லா. அமத்து."

அமத்தினேன். சரியான பதம்.