வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு அகலமான ரயரே பொருத்தம்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்துக் கியர் எத்தனை என்று கேட்கிறார்கள், அதன் பிறகு விலை பேசுகிறார்கள். ரயரின் அகலத்தைக் கேட்டு வாங்குகிறவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். திருகோணமலையில் தினமும் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போய்வர நினைக்கும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளின் காலத்தில் கொட்டிலில் கிடந்த சைக்கிள்களெல்லாம் வீதிக்கு வந்தன. பெற்றோல் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் எங்கள் அயலில் அவற்றிற் பல மீண்டும் கொட்டிலுக்கே போயின. வெயிலையும் நேரமின்மையையும் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் இடுப்பு வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்று சொல்லி விட்டவர்களும் உண்டு. அவர்களுடைய வண்டிகளைப் பார்த்தால் ரயர் ஒல்லியானதாக இருக்கும், அல்லது விரலால் அமுக்கவே முடியாத அளவுக்கு இறுக்கிக் காற்றடிக்கப்பட்டிருக்கும்.

நகரத்தின் பிரதான வீதிகளைக் குறை சொல்வதற்கில்லை. அவற்றிற் பெரும்பாலானவை இன்று காப்பெற் வீதிகள். அந்த நல்ல வீதியிலிருந்து திரும்பி வீட்டு வாசலுக்கு வந்து சேரும் கடைசித் துண்டுதான் உடம்பை உலுப்புகிறது. விளிம்பு உடைந்த கொங்கிறீற்று ஒழுங்கை, தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காகக் குறுக்கே வெட்டி அரைகுறையாக மூடிய இடம், கிட்ட வந்த பின்னரே கண்ணில் படும் வேகத்தடை, மாரி மழைக்குப் பிறகு கல் கிளம்பிக் கிடக்கும் கிறவல் பாதை ஆகிய எல்லாமே அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தாரின் ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் ஒதுங்க வேண்டிய இடமும் அந்த மணல்தான். ஒல்லியான முன் ரயர் அதற்குள் புதைந்து, ஹாண்டில் தன் பாட்டில் திரும்பிவிடும். அகலமான ரயர் மணலின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் நின்று உருள்வதால், ஒதுங்குகிறவர் விழாமல் ஒதுங்க முடிகிறது. ஆகவே இதை வெறும் சொகுசு சார்ந்த விடயமாக நான் கருதவில்லை.

அகலமான ரயர் வண்டியை இழுத்துப் பிடிக்கும், மிதிக்கக் கஷ்டம் என்பது நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் பாரத்தைத் தாங்குவது றப்பரைவிட அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றே. பின் சில்லின் மேல் 60 கிலோகிராம் பாரமும் உள்ளே 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று காற்றழுத்தத்தைச் சொல்லும் அளவு) அழுத்தமும் இருக்குமானால், ரயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 14 சதுர சென்ரிமீற்றராக இருக்கும்; ரயர் ஒல்லியாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் அந்தப் பரப்பில் பெரிய மாற்றம் வராது. மாறுவது அதன் வடிவம். ஒல்லியான ரயரில் அது நீண்டு ஒடுங்கியும், அகலமான ரயரில் குறுகி அகன்றும் அமைகிறது. நீளமாகத் தட்டையாகும் ரயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர வேண்டியிருப்பதால், நாம் மிதிக்கும் சக்தியில் கூடுதலான பங்கை வெப்பமாக இழக்கிறது. எனவே ஒரே அழுத்தத்தில், ஒரே தரமான இரண்டு ரயர்களில் அகலமானதே இலகுவாக உருளும். நடைமுறையில் அகலமான ரயருக்கு நாம் குறைவாகவே காற்றடிப்போம் என்பதால் இந்த ஆதாயம் வழுவழுப்பான வீதியில் ஏறக்குறைய சமனாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கரடுமுரடான வீதியில் கணக்கு மாறுகிறது. இறுகிய ரயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கும் சக்தி நம் காலிலிருந்துதான் போகிறது. இளகிய ரயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு முன்னே நகர்கிறது.

சைக்கிளுக்கான காற்றடைத்த ரயரே சொகுசுக்காகப் பிறந்த ஒன்றுதான். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லொப், தன் மகனுடைய முச்சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார். அடுத்த ஆண்டே அதே நகரில் வில்லியம் ஹியூம் என்ற ஓட்டவீரர் அந்த ரயரைப் பூட்டிக்கொண்டு பந்தயங்களில் வென்றார். குலுக்கம் குறைந்தால் வேகமும் கூடும் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விடயம். இடையில் பந்தய உலகம் ஒல்லியான ரயரின் பக்கம் சாய்ந்து, இப்போது தானாகவே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ரூர் டி பிரான்ஸ் வீரர்கள் நெடுங்காலம் 23 மில்லிமீற்றர் அளவில் ஓடிவிட்டு, இன்று 28 மில்லிமீற்றருக்கும் அதற்கு மேலும் மாறியிருக்கிறார்கள். அவர்களுக்கே அது போதாது என்றால், கரியரில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு பாலையூற்றுக்குப் போகிற நமக்கு எதற்கு 25 மில்லிமீற்றர்?

நம் அப்பாமார் ஓடிய றலி போன்ற பெரிய சைக்கிள்களில் 28 × 1½ அங்குல ரயர்தான் இருந்தது. அது ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலம். மீன் பெட்டியையும் நெல் மூட்டையையும் சுமந்த வண்டிகள் அவை. அவற்றை நாட்டுப்புறமென்று ஒதுக்கிவிட்டு ரேசரின் சாயலில் வந்த ஒல்லி வண்டிகளைத் தேடிப்போனது தோற்றத்துக்காகவே தவிர, வேறு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அகலம் என்றவுடன் கடைக்காரர் பெரும்பாலும் மவுண்டன் சைக்கிளின் கட்டை கட்டையான ரயரைத்தான் எடுத்துக் காட்டுவார். அதை வாங்க வேண்டாம். சேற்றுக்காகச் செய்யப்பட்ட அந்தக் கட்டைகள் தாரில் வளைந்து வளைந்து சக்தியை விழுங்கும். தேனீக் கூட்டம் போல இரையும். ஈரமான தாரில் பிடிப்பும் குறைவு. நமக்கு வேண்டியது அகலமான, ஆனால் நடுப்பகுதி வழவழப்பான ரயர். வழவழப்பான ரயர் ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும் என்று பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகன ரயர் வேகமாக ஓடும்போது தண்ணீரின் மேல் மிதப்பதைப் போல சைக்கிள் ரயர் நம் வேகத்தில் மிதப்பதில்லை. அது வீதியைத் தொடும் பரப்புச் சிறியது, வளைவானது, தண்ணீரைத் தானாகவே இருபுறமும் தள்ளிவிடும். மழையில் உண்மையில் வழுக்குபவை வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் ரயில் தண்டவாளமும்தான். அவற்றில் எந்தப் பூ வெட்டும் உதவாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர் குறுக்காகக் கடப்பதே வழி. அதன் பள்ளத்துக்குள் ஒல்லி ரயர் சிக்கும் அளவுக்கு அகலமான ரயர் சிக்குவதில்லை என்பதும் ஓர் ஆறுதல்.

அகலத்தை வாங்கிவிட்டுக் காற்றைப் பழையபடி இறுக்கி அடித்தால் கொடுத்த காசு வீண். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் மேல் எல்லை; அதுவரை அடித்தாக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. சுமார் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு, 28 மில்லிமீற்றர் ரயரில் ஏறத்தாழ 80 பி.எஸ்.ஐ. வேண்டியிருக்கும் இடத்தில், 40 மில்லிமீற்றரில் 50உம், 50 மில்லிமீற்றரில் 35உம் போதும். முன்னுக்கு இன்னும் சற்றுக் குறைக்கலாம். எரிவாயு சிலிண்டரைக் கரியரில் கட்டுகிற நாளில் பின்னுக்குக் கூட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் வால்வுக்குள் சிறு றப்பர்க் குழாய் போடும் பழைய வகை ரியூப் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மீற்றர் வைத்து அழுத்தத்தைச் சரியாக அளப்பது கடினம். அதற்கு அமெரிக்கரான பிராங்க் பேர்ட்டோ பரிந்துரைத்த வழி எனக்குப் பிடித்தது: ஏறி அமர்ந்ததும் ரயரின் உயரம் 15 சதவீதம் அளவுக்கு அமுங்கினால் காற்று அளவாக இருக்கிறது என்று கொள்ளலாம். வேறொருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னால் போதும். மிகவும் குறைத்தாலும் ஆபத்து உண்டு; பள்ளத்தில் றிம் இடித்து, ரியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். ஒட்டுப் போடும்போது அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேடாமல் பம்பைத் தேடுங்கள்.

அளவு விடயத்தில் கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் விற்கப்படுகின்றன: 26 × 1⅜ என்பதன் றிம் அளவு 590 மில்லிமீற்றர், 26 × 1.95 என்பதன் அளவு 559 மில்லிமீற்றர். அதேபோலப் பழைய 28 × 1½ ரயர் 635 மில்லிமீற்றர், இப்போதைய 700சி 622 மில்லிமீற்றர். ரயரின் பக்கத்தில் 37-590, 50-559 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது றிம் அளவு. இரண்டாவது எண் உங்கள் பழைய ரயரில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். முதலாவதைத்தான் கூட்டலாம், அதுவும் வண்டியில் இடம் இருக்கும் அளவுக்கு மட்டும். பின் சில்லின் இருபுறமும் செல்லும் சட்டக் குழாய்களுக்கும் ரயருக்கும் இடையில், இரு பக்கமும் ஐந்து மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். பிறேக்கையும் மட்காட்டையும் பாருங்கள். இடம் போதாமல் மட்காட்டைக் கழற்றிவிட்டு அகலமான ரயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாரிக்காலத்தில் முதுகெல்லாம் சேற்றோடு அலுவலகத்துக்குள் நுழைவதைவிட ஒரு அளவு ஒல்லியான ரயரோடு இருப்பதே மேல்.

பக்கச் சுவரை விரலால் கிள்ளிப் பாருங்கள். இலகுவாக மடிந்தால் நல்லது. மரப்பலகையாக விறைத்து நின்றால் அகலம் இருந்தும் பயனில்லை. உடை மரத்து முள்ளுக்குப் பயந்து தடித்த ரயரைத் தேடுவோர், வீதியைத் தொடும் பகுதியில் மட்டும் பாதுகாப்பு அடுக்கு உள்ளதைக் கேட்டு வாங்கலாம். காற்றே இல்லாத, ஒருபோதும் பஞ்சராகாத ரயர் என்று விற்கப்படும் திண்ம ரயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முன் சில்லைத் தாங்கும் கவையில் மலிவான ஸ்பிரிங் வைத்த வண்டிகளைப் பற்றியும் எனக்கு அதே எண்ணம்தான். பாரம் கூடும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், சில காலத்தில் அசையாமல் இறுகிவிடும். அந்தக் காசில் பாதியை ரயருக்குச் செலவிட்டால் கூடுதலான பலன் கிடைக்கும்.

அகலமான ரயருக்குக் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒரு சோடி சில நூறு கிராம் பாரம் கூடும். நின்று நின்று புறப்படும்போதும் உவர்மலை ஏற்றத்திலும் அது கொஞ்சம் தெரியும். கச்சான் காற்றில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறவர்கள் ரயரைத்தான் குறை சொல்வார்கள், ஆனால் அங்கே காற்றைத் தடுப்பது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் நெஞ்சுதான். நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு நல்ல தார் வீதியில் மட்டும் வேகமாக வந்துபோகிற இளைஞர் ஒருவருக்கு 32 அல்லது 35 மில்லிமீற்றர் போதும். மற்றவர்களுக்கு 40இலிருந்து 50 வரை என்பதே என் பரிந்துரை.

இரண்டையும் ஒரே தடவையில் மாற்றக் காசு போதாதவர்கள் முதலில் முன் ரயரை மாற்றலாம். பாரம் பின்னுக்குத்தான் அதிகம் என்றாலும், மணலில் வண்டியைத் திருப்பிவிடுவதும் கையை மரக்கச் செய்வதும் முன் சில்லுதான். பெரும்பாலான வண்டிகளில் இடமும் பின்னைவிட முன்னுக்கே அதிகம். முன் ரயர் மெதுவாகவே தேயும். ஆகவே கழற்றிய பழையதை, வெடிப்பு இல்லாவிட்டால், வீசாமல் பின்னுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம்.