டின்னிலிருந்து தட்டுக்கு

என் இளைய மகளுக்குப் போன மாதம் ஒரு வயது முடிந்தது. பவுடர் பாலிலிருந்து, அதாவது கைக்குழந்தைகளுக்கென்றே டின்னில் வரும் ஃபார்முலாவிலிருந்து, பசும்பாலுக்கு மாற்றுகிறேன் என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். எத்தனை நாளில் மாற்றுவது, எவ்வளவு கலப்பது, குடிக்க மறுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாருடைய கேள்வியும் பாலைப் பற்றித்தான் இருந்தது. மூத்தவனை மாற்றியபோது நானும் பாலைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். அதனால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவனுக்கு ஒரு வயது ஆன மறுநாளே டின்னை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. புட்டியில் பசும்பாலை ஊற்றிக் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்பான். காலையில் 240 மில்லி, தூங்கப் போகும்போது 240, நடு இரவில் விழித்தால் ஒன்று. மதியச் சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளிவிட்டால், வயிறாவது நிறையட்டும் என்று இன்னொன்று. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எனக்கு அது பெருமையாக இருந்தது. பார்க்கிறவர்களும் "பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானே" என்றார்கள். கொழுகொழுவென்று இருந்தான், எடையும் சரியாக ஏறியது.

இருபதாம் மாதம் சளிக்காக மருத்துவரிடம் போனோம். அவர் இவனுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், அப்புறம் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?" ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8-க்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது, இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைவு. ரத்தசோகை. பிறகு மாதக்கணக்கில் இரும்புச்சத்து சொட்டு மருந்து. நான்கு அடி ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்வான். அமைதியான சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுபாவம் இல்லை, உடம்பில் தெம்பு இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனத்துப்போகிறது.

நடந்தது இதுதான். பவுடர் பாலில் இரும்புச்சத்து சேர்த்தே வருகிறது. அதைக் குடிக்கும் வரை பிள்ளை சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் அந்தக் குறையை டின் மறைத்துவிடும். பசும்பாலுக்கு மாறிய அன்றே அந்த வரத்து நின்றுபோகிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இருக்காது. ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளைக்கு வேண்டியது சுமார் 7 மில்லிகிராம். போதாததற்கு, பாலில் நிறைய இருக்கும் கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்புச்சத்தையும் உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. அதே ஒரு லிட்டரில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ஏறக்குறைய 900, 1000 கலோரிதான். மூன்றில் இரண்டு பங்கு வயிற்றைப் பாலே நிரப்பிவிட்டால் பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும்? "சாப்பிடவே மாட்டேன் என்கிறான், அதனால்தான் பால் கொடுக்கிறேன்" என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பால் கொடுத்ததால்தான் அவன் சாப்பிடவில்லை.

அதனால் என் கருத்து இது. பவுடரை நிறுத்தலாமா என்று கேட்கும் முன், பிள்ளையின் தட்டைப் பாருங்கள். பருப்பு, பயறு, கீரை, சாப்பிடுகிற வீடாக இருந்தால் கறி, மீன், முட்டை, இவற்றில் ஏதாவது தினமும் உள்ளே போகிறதா? கூடவே வைட்டமின் சி உள்ள பழம் ஒரு துண்டு போகிறதா? அது பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவைக்கும். போகிறது என்றால் பாலை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. போகவில்லை என்றால் ஒன்பது, பத்து மாதத்திலிருந்தே சாப்பாட்டில் கவனம் வைப்பதுதான் முதல் வேலை. ஒரு வயதுக்குப் பின் நாளைக்கு 500 மில்லிக்குள் பால் போதும். தயிர், பாலாடைக்கட்டி சாப்பிட்டால் அதையும் சேர்த்தே கணக்கு. 700-ஐத் தாண்டவே கூடாது என்பதை மூத்தவனிடம் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வயதுக்கு முன்னால் பசும்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்க அவசரப்படவும் வேண்டாம். அதில் புரதம் பவுடர் பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், உப்புகளும் அதிகம். சின்னச் சிறுநீரகத்துக்கு அது சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியவும் செய்யும். வயது ஏற ஏற அது அடங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு சமையலில் கொஞ்சம் பால், கொஞ்சம் தயிர் சேர்ப்பது வேறு, அதற்குத் தடையில்லை. தாய்ப்பாலும் கொடுக்கிறவர்கள் அதை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

இளையவளுக்கு மாற்றிய விதம் எளிமையானது. முதல் மூன்று நான்கு நாள் முக்கால் பங்கு பவுடர் பால், கால் பங்கு பசும்பால். அப்புறம் பாதிப் பாதி. அப்புறம் கால் பங்கு பவுடர். இரண்டு வாரத்தில் முடிந்தது. ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: பவுடரை எப்போதும் போலத் தண்ணீரில், டின்னில் சொன்ன அளவில் கரைத்த பிறகுதான் அதோடு பாலைச் சேர்க்க வேண்டும். தண்ணீருக்குப் பதிலாகப் பாலிலேயே பவுடரைக் கரைத்தால் எல்லாம் இரண்டு மடங்காகிவிடும், பிள்ளைக்கு ஆபத்து. கலந்ததில் மிச்சம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

முகம் சுளித்தால் பயப்பட வேண்டாம். பவுடர் பாலில் பொதுவாக லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கூடுதல், அதனால் கொஞ்சம் இனிக்கும். நாக்கு பழகச் சில நாள் ஆகும். அதற்காகச் சர்க்கரை போடாதீர்கள். தண்ணீர் ஊற்றி நீர்க்கவும் வைக்காதீர்கள். இரண்டு வயதுவரை முழுக் கொழுப்போடு இருக்கும் பால்தான் வேண்டும், மூளை வளர அந்தக் கொழுப்பு தேவை. காய்ச்சியதோ பதப்படுத்தியதோ கொடுங்கள், பச்சைப் பால் கூடவே கூடாது. மலம் கொஞ்சம் இறுகுவது சகஜம். தடிப்பு, விடாத வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமைக்கான தனி பவுடர் குடிக்கிற பிள்ளைகளும் குறைமாதத்தில் பிறந்தவர்களும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு மருத்துவர் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

"ஒரு வயதுக்கு மேல்" என்று எண் போட்டு வரும் அடுத்த டின்னைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூத்தவன் விஷயத்துக்குப் பிறகு பயத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். ஆரோக்கியமான பிள்ளைக்கு அது தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 12 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அந்தப் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை. சாதாரணப் பாலும் வீட்டுச் சாப்பாடும் போதும். பெற்றோரின் பயத்தை வைத்து அதை விற்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

டின்னோடு சேர்த்துப் புட்டியையும் விட்டுவிட முடிந்தால் நல்லது. மூத்தவன் அவ்வளவு குடித்ததற்கு நிப்பிளும் ஒரு காரணம். தூக்கத்தில்கூட உறிஞ்சுவான், பல்லிலும் சொத்தை விழ ஆரம்பித்தது. இளையவளுக்குப் பத்து மாதத்திலிருந்தே டம்ளரில்தான் பழக்கினேன். பாதி சட்டையில்தான் போகும், போகட்டும்.

இப்போது காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், இரண்டும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நேற்று சாயங்காலம் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. மதியம் கிண்ணத்துப் பருப்பை வழித்துச் சாப்பிட்டிருந்தாள். பதினைந்தாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.