பேங்க் லோன் கொடுத்துவிட்டால் பத்திரம் சுத்தமா?

பேங்க் லோன் போட்டு ஒரு தம்பதி ஃபிளாட் வாங்கினார்கள்; தங்கையின் பங்கை மறைத்து அண்ணன் விற்ற இடம் அது, இப்போது அந்தத் தங்கை வழக்குப் போட்டிருக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த ஃபிளாட் விவகாரத்தில் இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு வந்த கமெண்ட்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "பேங்க் லோன் கொடுத்திருக்கு, அப்புறம் எப்படி வில்லங்கம் வரும்? இவங்க ஏதோ மறைக்கிறாங்க" என்று ஒருவர் எழுதுகிறார். அதற்கு அத்தனை லைக்.

அந்தத் தம்பதி எதையும் மறைக்கவில்லை. முதல் வீடு வாங்கும் பெரும்பாலானோர் நம்புவதைத்தான் அவர்களும் நம்பினார்கள். பேங்க் ஆயிரம் கேள்வி கேட்கும், வக்கீலை வைத்துப் பார்க்கும், அதனால் லோன் வந்தால் பத்திரம் சுத்தம். இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

பேங்க்கின் வக்கீல் பார்ப்பது பேங்க்குக்காக. அந்தக் கட்டணத்தை நம்மிடமிருந்துதான் வாங்குகிறார்கள், ஆனால் அவருடைய கட்சிக்காரர் நாம் இல்லை. அவர் எழுதும் லீகல் ஒப்பீனியனின் நகலைக் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். பேங்க்குக்கு வீடு மட்டுமா ஈடு? உங்கள் சம்பளம் இருக்கிறது, மனைவியோ கணவனோ போட்ட கையெழுத்து இருக்கிறது. நாற்பது லட்சம், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 34,700 ரூபாய். வீடு கோர்ட்டில் கிடந்தாலும் அந்தத் தேதிக்கு அந்தப் பணம் அக்கவுண்ட்டிலிருந்து போயே தீரும். பத்திரம் ஓட்டையானால் இழப்பு உங்களுக்குத்தான்.

"ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று கேட்கிறவர்களுக்கு என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு தனி வீடு. வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா விற்பவர் பெயரில், லோனும் சாங்ஷன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் தனியாக ஒரு வக்கீலிடம் ஜெராக்ஸ் கட்டை கொடுத்தோம். வயதானவர். ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே வந்து 1998-இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நின்றுவிட்டார். கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து, மூன்றும் அண்ணன் தம்பிகள். "அப்பாவோட வாரிசுச் சான்று எங்கம்மா?" என்றார். கட்டில் அது இல்லை. கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்த சான்றில் ஐந்து பெயர். இரண்டு மகள்கள்.

அது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இடம். உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கும் சமபங்கு உண்டு. ஆனால் ஈசியில் அது எங்கே தெரியும்? பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள் என்று அழகாகக் காட்டும். பிரிக்கும்போது விடுபட்ட இரண்டு பேரைக் காட்டாது. பதிவு செய்யாத உயிலும் அப்படித்தான், ஈசியில் சிக்காது. பட்டாவும் வருவாய்த் துறைப் பதிவுதான், அதை மட்டும் வைத்துக்கொண்டு உரிமை கொண்டாட முடியாது.

விற்பவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "பேங்க்கே ஓகே சொல்லிடுச்சு, உங்க வக்கீலுக்கு என்ன?" என்று கத்தினார். நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம். சொந்தக்காரர்கள் இன்றுவரை "கைக்கு வந்த வீட்டைக் கெடுத்தவ" என்று என்னைத்தான் சொல்கிறார்கள்.

சரி, அடுத்து "ரெரா இருக்கே" என்பவர்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம், மறுக்கவில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் கை நீட்டக் கூடாது என்பது எத்தனை பெரிய பாதுகாப்பு! ஆனால் மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டாலோ கட்டடத்தை ரெராவில் பதிவு செய்வதே கட்டாயமில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் ஆறு வீடு. பதிவு இருந்தாலும், நிலத்தின் முப்பது வருடத் தாய்ப்பத்திரங்களை (முன்பு கைமாறிய பழைய பத்திரங்களை) ரெரா உங்களுக்காக உட்கார்ந்து படிக்காது.

"எங்க வீட்டுல யாரும் வக்கீல் பார்க்கல, நல்லாத்தானே இருக்கோம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நன்றாக இருங்கள்.

"வக்கீலுக்கு வேற தண்டமா" என்று கேட்ட தம்பிக்கு மட்டும் ஒன்று. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து மனைக்கு ஒன்பது சதவீதம் சர்க்காருக்குக் கட்டுகிறோம். புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுகிறோம். நமக்காக மட்டும் பத்திரம் படிக்கும் ஒரே ஆளிடம் வந்து கணக்குப் பார்க்கிறோம். அவரும் புரோக்கர் கைகாட்டிய வக்கீலாக இருக்கக் கூடாது, பில்டர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கக் கூடாது.

"வாடகை வீட்டில் இருப்பவருக்கு வயிற்றெரிச்சல்" என்று எழுதியவரின் கமெண்ட்டை நான் நீக்கவில்லை. இருக்கட்டும். அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும். வீடு வாங்குகிறவர்கள் நிம்மதியாகக் குடியிருக்க வேண்டும் என்று எழுதியதற்கு இதுதான் பதிலா?

எனக்கு அதைவிட வலித்தது வேறு. ஃபிளாட் விஷயத்தில் வழக்குப் போட்ட அந்தத் தங்கையைப் பேராசைக்காரி என்கிறீர்கள். கூடப் பிறந்தவன் மறைத்து விற்றானே, அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்னமும் பெண் பங்கு கேட்டால் பேராசையா? "அதான் சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி என் அம்மாவிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் என் தாய்மாமன்கள். அம்மா அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்தை வாங்கியவர்களுக்கு இன்று சிக்கல் இல்லை, ஏனென்றால் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்தே வாங்காமல் விற்றவனை விட்டுவிட்டு, ஏமாந்த இரண்டு தரப்பையும் அடிக்கிறீர்கள்.

இப்போது அட்வான்ஸ் கொடுக்கக் காத்திருப்பவர்கள் இதைப் படித்தால், விற்பவரிடம் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் அக்கா தங்கை பெயர் இருந்தால் அவர்கள் கையெழுத்து எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். "அவங்க எல்லாம் கேட்க மாட்டாங்க சார்" என்று பதில் வந்தால், அட்வான்ஸ் பணம் உங்கள் அக்கவுண்ட்டிலேயே இருக்கட்டும்.